குறுவையில் காற்றோடும் சம்பாவில் தண்ணீரோடும் போகும் யூரியாவை நிறுத்துவது எப்படி

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. உரங்களிலேயே இதுதான் மலிவு, அதனால் கையும் தாராளமாகப் போகிறது. பக்கத்து வயல் கொஞ்சம் கருகருவென்று தெரிந்தால் போதும், நம் வயலிலும் அரை மூட்டை கூடுதலாக விழுந்துவிடும். நான் மன்னார்குடி பக்கம் நான்கு ஏக்கரில் நெல் வைக்கிறேன், பல வருடம் நானும் அப்படித்தான் போட்டேன். இங்கே நான் சொல்ல வருவது யூரியாவைக் குறையுங்கள் என்பதல்ல. போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேர, தூவுகிற அன்றும் அதற்கு முன்பின் சில நாளும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம், அதைச் சரியாகச் செய்தாலே மூட்டை எண்ணிக்கை தானாகக் குறைகிறது.

முதலில் ஒரு கணக்கு. யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது மூட்டைக்கு 20.7 கிலோ. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். மூன்று மூட்டை போட்டால் பயிருக்குப் போனது ஏறக்குறைய ஒரு மூட்டை. மீதியில் ஒரு பங்கு மண்ணின் மக்கில் தங்குகிறது, அது அடுத்த பயிருக்கு ஆகும், நஷ்டமில்லை. மற்றதெல்லாம் வயலை விட்டு வெளியேறுகிறது. எப்படி வெளியேறுகிறது என்பது பட்டத்துக்குப் பட்டம், அதாவது சாகுபடிப் பருவத்துக்குப் பருவம், மாறும், இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாப் பட்டத்துக்கும் ஒரே மாதிரி உரம் போடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

குறுவையில் நடப்பது

ஆனி வாக்கில் தொடங்கும் குறுவைப் பட்டத்தில் யூரியா காற்றோடு போகிறது. தூவியவுடன் மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்கிவிடும், நம் வெயிலில் இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். அந்த அம்மோனியம் சேற்றுக்குள் இறங்கியிருந்தால் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே நிற்கும் தண்ணீரிலேயே கரைந்து கிடந்தால் வாயுவாகிப் பறந்துவிடும்.

இதை நானே பார்க்கலாம் என்று ஒரு குறுவையில், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள் வாங்கி வந்தேன். யூரியா தூவிய மறுநாள் காலை ஏழு மணிக்கு வயல் தண்ணீரில் நனைத்தால் தாள் பச்சை, 7க்கும் 8க்கும் நடுவில். அதே இடத்தில், அதே முடியின், அதாவது நட்ட நெல் குத்தின், பக்கத்தில், மதியம் ஒன்றரை மணிக்கு நனைத்தால் தாள் நீலமாகிவிட்டது, 9 வந்துவிட்டது. ஆறரை மணி நேரத்தில் தண்ணீரை இப்படி மாற்றியது பாசிதான். வெயில் ஏற ஏற பாசி தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும், தண்ணீரின் காரத்தன்மை கூடிவிடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் வாயுவாகப் போகக்கூடிய அம்மோனியா ஒரு சதவீதம்கூட இருக்காது, 8 ஆனால் ஐந்து சதவீதம் வரும், 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வயல் தண்ணீர் 25 டிகிரியிலா நிற்கிறது, மதியத்தில் கால் வைத்தால் சுடும், அப்போது இன்னும் கூடும். அதோடு காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அம்மோனியா நிற்குமா?

அப்படிப் பறந்த அம்மோனியா காணாமல் போவதில்லை. காற்றில் இருக்கும் அமிலங்களோடு சேர்ந்து மூச்சில் போகும் நுண்துகளாகிறது, பிறகு எங்கேயோ ஒரு குளத்திலோ காட்டிலோ மழையோடு இறங்குகிறது.

சம்பாவிலும் தாளடியிலும் நடப்பது

சம்பாவும், குறுவை அறுத்த வயலில் வைக்கும் தாளடியும் மழைக்காலப் பட்டங்கள், இங்கே பிரச்சினை தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேலுரம், அதாவது நட்ட பிறகு தூவும் உரம், போட வேண்டியிருக்கிறது, மழை வந்தால் வரப்பு வழிந்து உரம் வடிகாலுக்குப் போய்விடுகிறது. ஒரு ஐப்பசியில் சாயங்காலம் யூரியா தூவிவிட்டு வந்தேன், ராத்திரி மழை பிடித்துக்கொண்டது, காலையில் போய்ப் பார்த்தால் கீழ்ப்பக்க வரப்பு ஒரு முழ அகலத்துக்கு உடைந்திருந்தது. பத்து நாள் கழித்துக் கீழ் வயலில் அந்த உடைப்பிலிருந்து விசிறி விரித்த மாதிரி கரும்பச்சையாக ஒரு திட்டு. என் யூரியா அங்கே போய் நின்றது. அந்தத் திட்டில்தான் முதலில் குலை நோய் வந்தது, சாய்ந்ததும் அந்தத் திட்டுதான். கீழ் வயல் சித்தப்பாவிடம் நான் பேசுவதற்கு முன்னால் அவரே, "உன் உரம்தானே, பாரு என்ன பண்ணியிருக்குன்னு" என்றார். அன்றைக்குப் பட்டதுதான், இன்று வரை மழைக்காலத்தில் வரப்பைச் சுற்றாமல் உரக்கூடையைத் தொடுவதில்லை.

கீழ் வயலில் தங்கியது போக மீதி வடிகாலுக்குப் போனது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடைசியில் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை காயலில் போய் விழுகிறது, அலையாத்திக் காடு இருக்கும் இடம். அங்கே போவதற்குள் வழியில் வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை எப்படி மண்டிக் கிடக்கிறது என்று டெல்டாக்காரர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ச் சாக்கடையும் அதற்குத் தீனி போடுகிறது, வயல் உரமும் போடுகிறது. பாசியும் தாமரையும் மண்டி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் உயிர்வளி காலியாகிறது, மீன் மூச்சு முட்டி மேலே வருகிறது. அப்புறம் அந்த ஆகாயத்தாமரையே வடிகாலை அடைத்து, அடுத்த மழையில் நம் வயலையே முழுக வைக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. வயல் காய்ந்து மண்ணுக்குள் காற்று போனால் அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். மறுபடி தண்ணீர் கட்டினால் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். இடையில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பிவிடும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். தண்ணீர் கட்டிய நெல்லில் இது குறைவு, மக்காச்சோளம், பருத்தி, வாழை மாதிரி மேட்டுப் பயிரில்தான் அதிகம். பன்னாட்டு அளவில் மேட்டு நிலத்துக்குப் போடும் கணக்கு, இட்ட தழைச்சத்தில் 1 சதவீதம். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து போட்டால் வெளியே வரும் நைட்ரஸ் ஆக்சைடு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 95 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

மூட்டை வாங்குவதற்கு முன்

டெல்டாவுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவாகவே போட்டால் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இது மண் பரிசோதனை இல்லாதவர்களுக்கான பொது அளவு, மண்வள அட்டை கையில் இருந்தால் அதைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து குறைவான மண் என்று அர்த்தம்.

பலரும் விடுகிற கணக்கு டி.ஏ.பி. உரத்தில் இருக்கும் தழைச்சத்து. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது, கிட்டத்தட்ட அரை மூட்டை யூரியா. 20:20 காம்ப்ளக்ஸ் என்றால் மூட்டைக்கு 10 கிலோ. மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரசுக்காகப் போடுகிறோம் என்று நினைத்து இதை ஒதுக்கிவிட்டு, யூரியாவை முழுசாகப் போடுகிறோம். தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக வளர்த்து மடக்கி உழுத வயலுக்கும் இதே கதைதான். வந்து சேர்ந்த தழைச்சத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கழியுங்கள்.

நடவு சமயத்திலேயே அடியுரமாக யூரியா போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை திரும்ப ஒரு வாரமாவது ஆகும். அதுவரை அதற்குச் சாப்பிட வாய் இல்லை. நடவு வயலில் நிற்கும் தண்ணீரில் யூரியாவை வீசுவது காற்றுக்குப் போட்ட சோறு. போட்டே ஆக வேண்டும் என்றால் கடைசிச் சேற்றுழவில், தண்ணீர் குறைவாக இருக்கும்போது போட்டு, மண்ணோடு கலந்துவிட வேண்டும். டி.ஏ.பி. அடியுரமாகப் போன வயலில் நான் யூரியாவை அடியுரமாகப் போடுவதை நிறுத்திவிட்டேன், இதுவரை குறை ஒன்றும் இல்லை.

தூவுவதற்கு இரண்டு நாள் முன்பு

களையை எடுத்துவிடுங்கள். களை நிற்கும் வயலில் உரம் போட்டால் முதல் பந்தி களைக்குத்தான்.

வரப்பைச் சுற்றி வாருங்கள், முக்கியமாகக் கீழ்ப்பக்க வரப்பு. நண்டு வளை இருந்தால் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள், வளைக்குள் தண்ணீர் மெதுவாகச் சுழன்று இறங்குவது தெரியும், மேலே மிதக்கும் தூசு அதை நோக்கி நகரும். ஒரு வளை ராத்திரி முழுக்க எவ்வளவு குடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வைக்கோலும் சேறும் வைத்து மிதித்து அடையுங்கள். அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் இந்தத் தொல்லை பாதிதான்.

நடவு வயலில் தண்ணீர் நிறைய நின்றால் அதை *இப்போது* வடித்துவிடுங்கள், உரம் போட்ட பிறகு வடிப்பதற்குப் பதிலாக. தூவும்போது தண்ணீர் அரை அங்குலமோ, சேறு மின்னும் அளவோ இருந்தால் போதும். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு யூரியா சேற்றுக்குப் போகும். தண்ணீர் வரும் மடை, வடியும் வாய் இரண்டையும் அடையுங்கள்.

டெல்டாவில் இன்னொரு சங்கடம், வயலுக்கு வயல் பாயும் பாசனம். மேல் வயலுக்குத் தண்ணீர் வந்தால் அது நம் வயல் வழியாகத்தான் கீழே போக வேண்டும். நீங்கள் மடையை அடைத்தால் கீழ் வயல்காரர் கோபப்படுவார், அடைக்காவிட்டால் உங்கள் உரம் அவருக்குப் போகும். ஒரே வழி, மேலே கீழே உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தால் மூன்று நான்கு வயல்காரர்கள் ஒரே நாளில் உரம் போடுவது. எங்கள் வாய்க்காலில் இப்போது அப்படித்தான் நாள் குறிக்கிறோம், ஒரு போன் பேசினால் முடிகிற வேலை.

முந்தின ராத்திரி, அப்புறம் தூவும் நாள்

5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு. இந்த விகிதம் பரிந்துரையிலேயே இருப்பதுதான். புண்ணாக்கை நன்றாகப் பொடித்து, தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிக் கலந்து ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும், வேம்பின் கசப்பு மூக்கில் ஏறும். அதற்கு மேல் நாள்கணக்கில் வைக்காதீர்கள், ஈரம் கட்டிக் கட்டியாகிவிடும்.

"இப்போது வருவதே வேம்பு பூசிய யூரியாதானே, எதற்கு மறுபடி புண்ணாக்கு" என்று கேட்பார்கள். 2015 முதல் நாட்டில் யூரியா முழுக்க வேம்பு பூசித்தான் வருகிறது என்பது சரி. வேம்பு செய்வது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. நிற்கும் தண்ணீரிலிருந்து அம்மோனியா பறப்பதை அது பெரிதாக நிறுத்தாது. அதனால் வேம்பு பூசியிருக்கிறதே என்று தண்ணீர் நிறைய நிற்கும்போது வீசிவிடாதீர்கள், தண்ணீரைக் குறைக்கும் வேலையை எந்தப் பூச்சும் நமக்காகச் செய்யாது.

தூவுவது சாயங்காலம், வெயில் இறங்கி, காற்று அடங்கிய பிறகு. காலையில் இலையில் பனி இருக்கும்போது தூவினால் இலை கருகும், யூரியாவும் இலையிலேயே ஒட்டி நிற்கும். சாயங்காலம் போட்டால் அடுத்த மதியம் வரை ராத்திரி முழுக்க மண்ணுக்குள் இறங்க அதற்கு நேரம் கிடைக்கிறது.

வரிசை நடவாக இருந்தால் தூவிய கையோடு, அல்லது மறுநாள் வெயில் ஏறும் முன் கோனோ வீடரை, வரிசைக்கு நடுவில் தள்ளும் களைக் கருவியை, ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்து ஒரே வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான். களையும் புரளும், யூரியாவும் சேற்றுக்குள் புதையும், மேலே பாசியும் உடையும். கை நடவில் வரிசை இல்லாவிட்டால் காலால் சேற்றைக் கலக்கி நடப்பதற்கும் கொஞ்சம் பலன் உண்டு. வங்கதேசத்தில் யூரியாவை உருண்டையாக அழுத்தி, நான்கு முடிக்கு நடுவில் ஒன்று என்று 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள், யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. நம் ஊரில் மண் உருண்டைக்குள் யூரியா வைத்துப் புதைப்பதும் அதே தத்துவம்தான். ஆள் கூலியைப் பார்த்தால் நான்கு ஏக்கருக்குக் கட்டுப்படியாகாது, வீட்டு ஆட்களே செய்யும் அரை ஏக்கருக்குச் செய்து பார்க்கலாம்.

மறுநாள் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், இரண்டு அங்குலம் வரை. வேகமாகப் பாய்ச்சினால் மடைப் பக்கத்து யூரியா கடைமடைக்கு ஓடும், அறுவடை வரை வயல் மேல் பக்கம் வெளிறி, கீழ்ப் பக்கம் கறுத்து நிற்கும். பிறகு ஒரு வாரம் மடையைத் திறக்காதீர்கள், காயவும் விடாதீர்கள்.

எப்போது போட வேண்டும் என்பதைப் பயிரிடம் கேளுங்கள்

நாள் எண்ணி உரம் போடுவதைவிட இலை வண்ண அட்டை நல்லது. பிளாஸ்டிக்கில் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக எண் போட்டிருக்கும், விலை அதிகமில்லை, வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

நடவு வயலில் 14ஆம் நாள் தொடங்கி, நேரடி விதைப்பு என்றால் 21ஆம் நாள் தொடங்கி, பூக்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், எப்போதும் ஒரே ஆள். வயலில் அங்கங்கே பத்துச் செடி. ஒவ்வொன்றிலும் மேலே முழுசாக விரிந்த இளம் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்து, வெயில் படாமல் உங்கள் உடம்பு நிழலில் வைத்துப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் எல்லா இலையும் வெளிறித்தான் தெரியும், அதை நம்பினால் தேவையில்லாமல் ஒரு மேலுரம் விழும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

போடும் அளவு குறுவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பா தாளடிக்கு 30 கிலோ. யூரியாவாகச் சொன்னால் குறுவைக்கு ஏக்கருக்கு 30 கிலோ, மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் மாவுக்குப் பத்துக் கிலோ. சம்பாவுக்கு ஏக்கருக்கு 26 கிலோ, மாவுக்கு ஒன்பது கிலோவுக்குள்.

முதல் வருடம் இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பக்கத்து வயல் கருத்துத் தெரியும், நம் வயல் இளம்பச்சையாக நிற்கும், டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள். கருகருவென்று நிற்கும் பயிரைத்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வருகின்றன, அதற்கு மருந்தடிக்கும் செலவை யூரியாக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. ஒரு வயலில் மட்டும், ஒரு ஏக்கரோ இரண்டு மாவோ, செய்து பார்த்து நெல்லை மரக்காலில் அளந்து ஒப்பிடுங்கள், அதற்கு மேல் யார் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

இலையில் தெளிக்கும் நானோ யூரியா திரவம் பற்றிக் கேட்கிறார்கள். முதலில் வந்த, 4 சதவீதம் தழைச்சத்து உள்ள 500 மில்லி பாட்டிலில் இருந்தது 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலுரத்தை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன்.

மழையைப் பார்த்துப் போடுவது

சம்பாவில் உரம் போடும் நாளைத் தீர்மானிப்பது வானம்தான். இரண்டு மூன்று நாளில் கனமழை என்று அறிவிப்பு இருந்தால் தள்ளிப் போடுங்கள். நான்கு நாள் தள்ளிப்போன உரத்தால் பயிர் செத்துவிடாது, மழைக்கு முந்தின நாள் போட்ட உரம் கண்டிப்பாகப் போய்விடும். பயிர் வெளிறிவிட்டது, மழையும் விடவில்லை என்றால் ஒரே தடவையாகப் போடாமல் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு தடவை போடலாம், உடைப்பெடுத்தால் போவது பாதியோடு நிற்கும்.

வயல் மூழ்கிவிட்டது என்றால் தண்ணீர் வடியும் வரை உரக்கூடையை எடுக்கவே வேண்டாம். வடிந்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்கிறது வேளாண்மைத் துறை. கணக்குப் பார்த்தால் மேலே சொன்ன அதே 5:4:1தான்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீர் குறையும் வருடங்களில் எல்லோரும் வயலைக் காயவிட்டு, பிறகு தண்ணீர் கட்டி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் வளர்க்கிறோம். தண்ணீரும் மிச்சம், சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறைகிறது. ஆனால் உரம் போட்ட சூட்டோடு காயவிட்டால் நான் மேலே சொன்ன மூன்றாவது வழியைத் திறந்துவிட்ட மாதிரி, மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை நைட்ரஸ் ஆக்சைடில் விட்டுவிடுவோம். அதனால் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். காய்ந்திருக்கும் முறையின் கடைசியில், மறுபாய்ச்சலுக்குச் சற்று முன்பு யூரியாவைப் போட்டுவிட்டு உடனே தண்ணீர் விட்டால், இறங்கும் தண்ணீரே உரத்தை வேருக்குக் கொண்டுபோகும். நிற்கும் தண்ணீரில் தூவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எவ்வளவு காயவிடலாம் என்பதற்கு ஒரு குழாய் போதும். ஒரு அடி நீள பி.வி.சி. குழாய், நான்கைந்து அங்குல அகலம். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் கட்ட வேண்டும். பூக்கும் சமயத்தில், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும், காயவிடக் கூடாது. குழாயை வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் வையுங்கள், நடுவயலில் வைத்தால் நாலு நாளில் பார்ப்பதை விட்டுவிடுவோம்.

பாசிக்குப் பதிலாக அசோலா

குறுவையில் மதியத் தண்ணீர் காரமாவதற்குப் பாசியும் வெயிலும்தான் காரணம் என்றேன். அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணி தண்ணீரை மூடிவிட்டால் பாசிக்கு வெயில் கிடைக்காது, பி.எச். ஏறுவதும் குறையும், அதுவே காற்றிலிருந்து தழைச்சத்தையும் சேர்க்கும். நட்ட ஒரு வாரம் பத்து நாளில் போட்டுப் பரவவிட்டு, களை எடுக்கும்போது மிதித்துவிட வேண்டும். உங்கள் தண்ணீர் அடிக்கடி காய்ந்துபோகும் வயல் என்றால் இதற்குச் சிரமப்பட வேண்டாம், அசோலா காய்ச்சல் தாங்காது.

கிணற்றையும் பாருங்கள்

களிமண் நெல் வயலில் நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்குவது குறைவுதான். மணல் பாங்கான நிலம், காய்கறி, வாழை, கரும்பு என்றால் வேறு கதை, அங்கே இடும் உரம் தண்ணீரோடு நேரே கீழே போகும். அப்படிப்பட்ட நிலத்துக்குச் சொட்டு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக உரம் விடுவதுதான் சரி, ஒரே தடவையில் கொட்டிவிட்டு மோட்டாரைப் போட்டுவிடுவது பயிருக்கும் கிணற்றுக்கும் கேடு.

வீட்டில் கைக்குழந்தை இருந்து, போர் தண்ணீரையே குடிக்கிறீர்கள், புட்டிப்பாலும் அதிலேயே கலக்கிறீர்கள் என்றால் நைட்ரேட் பரிசோதனை செய்துவிடுங்கள். குடிதண்ணீரில் நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் ஆவியாகிப் போய் நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பரிசோதித்துத் தருவார்கள். அளவு அதிகம் வந்தால் வயலை மட்டும் குற்றம் சொல்லாமல் கக்கூஸ் குழி, சாணிக் குப்பை இரண்டும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

அறுவடைக்குப் பிறகு

சம்பாவோ தாளடியோ அறுத்த வயலைச் சும்மா போட்டால், கோடையில் மண் காய்ந்து வெடிக்கும்போது மக்கிலிருக்கும் தழைச்சத்து மெல்ல மெல்ல நைட்ரேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். ஆனியில் முதல் தண்ணீர் கட்டியதும் அதில் பெரும்பங்கு வாயுவாகக் கிளம்பும். யூரியாவே போடாத நாட்களிலும் இப்படி ஒரு இழப்பு நடப்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இதைப் பிடிக்க மண்ணில் ஒரு வேர் இருந்தால் போதும். அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடும் நம் பழைய வழக்கம் இதற்குக் கச்சிதம், காசும் வருகிறது. உளுந்து எடுத்த பிறகு கோடை மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. 2024-25 முதல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் தந்திருக்கிறார்கள், இந்த வருடம் உண்டா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

45ஆம் நாள், பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். இன்னும் உயரட்டும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும், டிராக்டர் சக்கரத்தில் சுற்றும், மக்கவும் நாளாகும். உழுததும் தண்ணீர் கட்டி, நடவு வரை வயலைக் காயவிடாதீர்கள். தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் முதல் மேலுரத்தை அவசரப்பட்டுப் போட வேண்டாம், 14ஆம் நாள் அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, பத்து இலையைப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டையைப் பிரியுங்கள்.